தூசு பிடிக்கும் கருவிகள்: எது எந்தத் தூசுக்கு?

"ஏர் ப்யூரிஃபையர் வாங்கி மூன்று மாதம் ஆச்சு, மேசைமேல் அதே தூசுதான்." தூசுக் கருவிகளைப் பற்றிய புகார்களில் அடிக்கடி கண்ணில் படுவது இது. கருவி கெட்டுப்போகவில்லை. மேசைமேல் படிகிற தூசு அந்தக் கருவிக்குள் போகிற தூசே இல்லை, அவ்வளவுதான். வாக்குவம் கிளீனர் விஷயத்தில் இதுவே தலைகீழாக நடக்கும்: தரை பளிச்சென்று இருக்கும், ஆனால் சுத்தம் செய்து முடித்து அரைமணி நேரம் ஆகியும் தும்மல் நிற்காது. இரண்டுக்கும் காரணம் துகளின் அளவு. அதனால் இங்கே ஒவ்வொரு சாமானையும் அது எந்த அளவுத் தூசைப் பிடிக்கிறது என்பதை வைத்தே எடைபோட்டிருக்கிறோம். நிறுவனப் பெயர்கள் சொல்லப்போவதில்லை. ஒரே வகைக்குள் இருக்கும் கருவிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைவிட, வகைக்கும் வகைக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

முதலில் அளவு

ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். தூசு என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அதற்குச் சமமாகவோ சிறிதாகவோ இருக்கும். மூக்கும் தொண்டையும் பெரிய துகள்களைத் தடுத்துவிடும், 10 மைக்ரானுக்குக் கீழே இருப்பவை மூச்சுக்குழாய்க்குள் போகும், 2.5 மைக்ரானுக்குக் கீழே இருப்பவை நுரையீரலின் அடிவரை இறங்கும். பி.எம். 10, பி.எம். 2.5 என்று காற்றுத்தர அறிக்கைகளில் வருவது இந்த இரண்டு எல்லைகள்தாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பி.எம். 2.5-க்கு ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராம்.

இனி விழுகிற வேகம். அசையாத காற்றில், தண்ணீரின் அடர்த்தி கொண்ட ஒரு 100 மைக்ரான் துகள் நொடிக்குச் சுமார் 25 செ.மீ. விழும், கையை விட்டதும் தரைதான். 10 மைக்ரான் துகள் நொடிக்கு 3 மி.மீ.; ஒரு மீட்டர் இறங்க ஐந்தரை நிமிடம். 1 மைக்ரான் துகளுக்கு அதே ஒரு மீட்டர் இறங்க எட்டு மணி நேரம் ஆகும். துகளின் விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிறது. அதனால்தான் பூட்டிய அறையில்கூட ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் மேசைமேல் படலம் தெரிகிறது: கதவைப் பூட்டும்போதே காற்றில் மிதந்துகொண்டிருந்தவையும், கதவிடுக்கு வழியாக வந்தவையும், திரைச்சீலையிலிருந்தும் மெத்தையிலிருந்தும் உதிர்ந்த நூலிழைகளும் நிதானமாக இறங்கியிருக்கின்றன.

வீட்டுத்தூசில் பெரும்பகுதி மனிதத் தோல்தான் என்று ஒரு கதை உலவுகிறது. தோல் செதில்கள் உண்டு. ஆனால் செருப்போடு வருகிற மண், ஜன்னல் வழியே வருகிற கரி, துணி இழை, மகரந்தம், சமையல் புகை, சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்பு என்று மற்றவை சேர்ந்தால் தோலின் பங்கு பின்னுக்குப் போய்விடும். வாசலில் செருப்பைக் கழற்றி, வெளியே ஒன்று உள்ளே ஒன்று என இரண்டு கால்மிதியடி போடுவது எந்தக் கருவிக்கும் முந்திய வேலை. அந்த மிதியடியை வாரம் ஒருமுறை வெளியே கொண்டுபோய்த் தட்டாவிட்டால் அதுவே தூசு கிடங்காகிவிடும்.

அடுத்த கேள்வி: சுற்றிக்கொண்டே இருக்கிற மின்விசிறி இறக்கையில் தூசு எப்படி ஒட்டுகிறது? இறக்கையின் பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப்படலம் இறக்கையோடு சேர்ந்தே நகர்கிறது. அதற்குள் போய்விட்ட துகளைப் பிடித்து இழுக்க அங்கே காற்றே வீசுவதில்லை. கூர்ந்து பாருங்கள், முன்விளிம்பில்தான் படிமம் தடியாக இருக்கும். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் விளிம்பில் துகள்கள் நேராக மோதி ஒட்டுகின்றன. இன்னொரு சங்கதி: துகளைப் பரப்போடு பிடித்துவைக்கும் விசை அதன் விட்டத்துக்கு ஏற்பக் குறைகிறது, ஆனால் ஊதித் தள்ளும் விசையும் எடையும் அதைவிட வேகமாகக் குறைகின்றன. ஆகவே துகள் சிறிதாகச் சிறிதாக ஊதி அகற்ற முடியாது, துடைத்துத்தான் எடுக்க வேண்டும். வாயால் 'ப்பூ' என்று ஊதினால் பெரியது பறக்கும், சிறியது இருந்த இடத்திலேயே இருக்கும். தூசு விஷயத்தில் ஊதுகிற கருவிகள் எல்லாவற்றுக்கும் உள்ள குறை இது.

துணியும் மாப்பும்: முதல் மதிப்பெண்

விலை குறைந்த சாமான்தான் இங்கே முதலிடம். மைக்ரோஃபைபர் துணி என்று விற்பதில் இரண்டு ரகம் உண்டு. நல்லதில் இழைகள் பிளக்கப்பட்டிருக்கும். பாலியெஸ்டர் 80, பாலியமைடு 20 அல்லது 70-க்கு 30 என்று லேபிளில் போட்டிருக்கும். உலர்ந்த உள்ளங்கையில் வைத்து இழுத்தால் தோலின் சொரசொரப்பில் இலேசாகப் பிடித்து இழுபடும். வழுக்கிக்கொண்டு போனால் அது பிளக்காத இழை. சாதாரண பழைய பனியன் துணி அதைவிட மேல்.

பயன்படுத்தும் முறையில்தான் தவறு நடக்கிறது. துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, இரண்டு முறை மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரு முகம் கறுத்ததும் அடுத்த முகத்துக்குத் திருப்ப வேண்டும். ஒரே முகத்தால் அலமாரி முழுவதும் துடைத்தால் முதல் தட்டின் தூசைக் கடைசித் தட்டுக்கு மாற்றிய கணக்கு. துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் போடக் கூடாது. அது இழைகளின் மேல் படலமாகப் படிந்து பிடிமானத்தைக் கெடுத்துவிடும். பருத்தித் துண்டுகளோடு சேர்த்தும் துவைக்கக் கூடாது. பஞ்சு இழை முழுவதையும் மைக்ரோஃபைபர் வாங்கி வைத்துக்கொள்ளும், அப்புறம் கண்ணாடியில் கோடு கோடாக விடும்.

மின்விசிறிக்குப் பழைய தலையணை உறை போதும். உறையை இறக்கைமேல் மாட்டி, மேலும் கீழுமாக அழுத்தி இழுத்தால் தூசு உறைக்குள்ளேயே விழும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இறகுக் குச்சம், உலர்ந்த துணி, உலர்ந்த துடைப்பம் மூன்றும் தூசை எடுப்பதில்லை, இடம் மாற்றுகின்றன. துடைப்பம் பெரிய குப்பைக்குச் சரி. 10 மைக்ரானுக்குக் கீழே உள்ளதைத் தரையிலிருந்து கிளப்பி மூக்கு உயரத்துக்குக் கொண்டுவருவதும் அதே துடைப்பம்தான். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் உலர்ப்பெருக்கல் வேண்டாம்; நேராக ஈர மாப்.

வாக்குவம் கிளீனர்: இழுக்கும் வாயைவிட வெளியே ஊதும் வாய் முக்கியம்

விளம்பரத்தில் முதலில் வருவது வாட்ஸ். அது கருவி எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பது மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் 1600 வாட்ஸ், 2017-இல் 900 வாட்ஸ் என்று வாக்குவம் கிளீனர்களுக்கு உச்சவரம்பு போட்டது. நிறுவனங்கள் வாய்ப்பகுதியையும் காற்றுப்பாதையையும் சரிசெய்து, குறைந்த வாட்ஸில் அதே வேலையை வாங்கின. இரண்டாவதாக வருவது கிலோபாஸ்கல், அதாவது இழுவை அழுத்தம். இழுக்கும் துளையை முழுவதும் அடைத்துவிட்டு அளக்கும் எண் அது; அந்த நேரத்தில் காற்றே ஓடாது. தூசைத் தூக்கிக்கொண்டு போவது ஓடும் காற்று. நொடிக்கு எத்தனை லிட்டர் காற்று என்ற எண் கையேட்டில் இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் வெளியே வரும் காற்று. மோட்டார் காற்றை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் ஊதுகிறது. ஃபில்டர் சரியில்லாத கருவி, தரையில் அமைதியாகப் படுத்திருந்த நுண்தூசை அறை முழுவதும் தூவும் கருவி. "ஹெபா ஃபில்டர் (நுண்துகளைப் பிடிக்கும் உயர்தர ஃபில்டர்) உண்டு" என்ற ஒரு வரி போதாது. ஃபில்டர் நல்லதாக இருந்து, அதைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை தளர்ந்திருந்தால் காற்று இடுக்கு வழியாகவே போகும். தடை குறைந்த வழியைத்தான் காற்று தேடும். கருவி முழுவதும் காற்றுக் கசியாதபடி மூடப்பட்டதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஃபில்டர் எங்கே இருக்கிறது என்பதும் கேளுங்கள். மோட்டாருக்கு முன்னால் ஒன்று மோட்டாரைக் காப்பாற்ற, பின்னால் ஒன்று நம்மைக் காப்பாற்ற. கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) உள்ள மோட்டார்கள் ஓடும்போது பிரஷ் தேய்ந்து கரித்தூளைத் தாமே விடும். பின்னால் ஃபில்டர் இல்லாவிட்டால் அது நேராக அறைக்குள் வரும்.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கருவியை ஓடவிட்டு, வெளிக்காற்று வரும் இடத்துக்குக் குறுக்கே பளிச்சென்ற எல்.இ.டி. டார்ச் அடியுங்கள். ஒளியை நோக்கிப் பார்க்காமல், பக்கவாட்டிலிருந்து, பின்னால் இருட்டு இருக்கும்படி பாருங்கள். இன்னொருவர் ஒரு சிட்டிகை சாக்பீஸ் தூளை இழுக்கட்டும். ஒளிக்கற்றையில் மினுமினுப்பு கூடினால் கசிவு. டார்ச்சை மூடியின் விளிம்பு, குழாய் சேரும் இடம், தூசுப் பெட்டியின் கீழ் கதவு ஆகியவற்றுக்கு நகர்த்தினால் எந்த இடம் என்றும் தெரிந்துவிடும். பெரும்பாலும் கீழ்க் கதவின் ரப்பரில் ஒரு முடியோ மணலோ மாட்டியிருக்கும். ஈரத்துணியால் துடைத்து மூடினால் சரியாகிவிடும்.

பை உள்ளதா, பை இல்லாததா? தூசு ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தயங்காமல் பை உள்ளது. பல அடுக்குச் செயற்கை இழைப் பை தானே ஒரு ஃபில்டர். வாயை மூடி அப்படியே குப்பையில் போடலாம். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் மாற்ற வேண்டும். சுவர் தேய்த்த தூள் போன்ற நுண்ணியது உள்ளே போனால் பை காலியாக இருக்கும்போதே இழுவை செத்துவிடும், ஏனென்றால் பையின் துளைகள் அடைபட்டிருக்கும். பை இல்லாத சுழல்வகையில் காற்று சுழலும்போது பெரிய துகள்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுக் கீழே விழும், சிறியவை ஃபில்டருக்குப் போகும். ஓடும்போது நன்றாகவே வேலை செய்கிறது. பெட்டியைக் காலி செய்யும்போதுதான் சிக்கல்: ஒரு வாரமாகப் பிடித்ததில் ஒரு பகுதி முகத்துக்கு நேராக எழும். வீட்டுக்கு வெளியே, பெட்டியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் முழுக்க விட்டு, பையின் வாயைப் பிடித்துக்கொண்டு திறந்து, இரண்டு நிமிடம் கழித்து எடுக்க வேண்டும்.

துவைக்கத்தக்க ஃபில்டரைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, குறைந்தது 24 மணி நேரம் நிழலில் காயவைக்கவும். ஈரம் மிச்சமிருக்கும்போது மாட்டினால் இரண்டு நாளில் புளித்த வாடை வரும், அது பூஞ்சை. "துவைக்கலாம்" என்று எழுதாத காகித ஃபில்டரைத் துவைத்தால் இழைகள் பிரிந்து, பார்ப்பதற்கு ஃபில்டராகவும் வேலையில் சல்லடையாகவும் மாறிவிடும்.

தண்ணீர் வழியாகத் தூசை இழுக்கும் ரகத்துக்கு ஒரு கவர்ச்சி உண்டு. கலங்கிய தண்ணீரைப் பார்த்ததும் மனது நிறைந்துவிடும். ஆனால் தண்ணீருக்குள் காற்று போவது குமிழிகளாக. குமிழியின் நடுவில் இருக்கிற நுண்துகள் தண்ணீரைத் தொடாமலேயே மேலே வந்து வெளியேறும். பெரியதைத்தான் தண்ணீர் பிடிக்கிறது, அந்தப் பெரியதைச் சாதாரணப் பையும் பிடிக்கும். பின்னால் தனியாக ஹெபா இருந்தால் மட்டும் வாங்கலாம். அன்றைய தண்ணீரை அன்றே கொட்டி, தொட்டியைக் காயவைக்கிற பொறுமையும் வேண்டும்.

ஓட்டும் வேகம்: தரைவிரிப்பில் ஒரு மீட்டருக்கு நான்கைந்து நொடி, போக ஒன்று வர ஒன்று, பிறகு குறுக்காக ஒருமுறை. அவசரமாக முன்னும் பின்னும் தள்ளினால் மேலே உள்ளது மட்டும் வரும். விரிப்புக்குச் சுழலும் பிரஷ் அவசியம். வழவழப்பான தரைக்கு அதை நிறுத்திவிடவும் அல்லது மென்மையான உருளை மாட்டவும், இல்லாவிட்டால் மணலைச் சிதறடிக்கும். உருளையில் சுற்றிய முடியைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி எடுங்கள். இழுத்துப் பிய்த்தால் ஓரத்து பேரிங்கில் முடி ஏறிச் சூடாகும்.

ரோபோ வகை தினசரிப் படலத்துக்கு நல்லது, ஆழமான வேலைக்கு இல்லை. தானாகக் காலிசெய்யும் தளத்தோடு வாங்கினால் அந்தத் தளத்தின் வெளிக்காற்றுக்கும் ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏர் ப்யூரிஃபையர்: நல்ல கருவி, தவறான எதிர்பார்ப்பு

இதன் வேலை 5 மைக்ரானுக்குக் கீழே மிதப்பவை. ஒரு கணக்கு போடுவோம். அறை 4 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். மொத்தம் 42 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை அறைக்காற்று முழுவதையும் சுத்தம் செய்ய மணிக்கு 210 கன மீட்டர் தேவை. அப்படி ஓடினால் ஒரு துகள் ஃபில்டரில் மாட்டச் சராசரியாக 12 நிமிடம் ஆகும். மெத்தையை உதறும்போது எழும் 20 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் இறங்க எடுத்துக்கொள்வது ஒன்றரை நிமிடம்கூட இல்லை. கருவி அதை இழுப்பதற்குள் மேசை வாங்கிக்கொள்கிறது. அதே அறையில் 1 மைக்ரான் புகைத்துகள் மணிக்கணக்கில் மிதப்பதால், அங்கே கருவி ஜெயித்துவிடும். மேசைத்தூசு குறையவில்லை என்ற புகாருக்கு இதுதான் விடை. புகை, மகரந்தத்தின் நொறுங்கிய துணுக்குகள், வெளியிலிருந்து வரும் நுண்தூசு ஆகியவற்றுக்கு வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

பார்க்க வேண்டிய எண் சி.ஏ.டி.ஆர்.; கருவி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சுத்தமான காற்றைத் தருகிறது என்பதன் அளவு. புகை, தூசு, மகரந்தம் என மூன்றுக்கும் தனித்தனியாகத் தரப்படும். புகைக்கான எண்ணை வைத்துத் தேர்வு செய்யுங்கள், அதுதான் நுண்துகளுக்கானது. நிமிடத்துக்குக் கன அடியில் கொடுத்திருந்தால் 1.7-ஆல் பெருக்கினால் மணிக்குக் கன மீட்டர் வரும். "இத்தனை சதுர அடிக்கு ஏற்றது" என்ற வரியை மட்டும் நம்ப வேண்டாம். மணிக்கு ஒரே முறை காற்று மாறினால் போதும் என்று வைத்துக்கொண்டு பெரிய பரப்பைப் போட்டுவிடலாம். அந்த எண் உச்ச வேகத்தில் அளந்தது என்பதும் நினைவிருக்கட்டும். தூங்கும்போது வைக்கும் வேகத்தில் அது பெரும்பாலும் பாதிக்கும் கீழே போய்விடும். மேலே சொன்ன அறைக்கு 210 போதும் என்றால் 300-க்கு மேல் உள்ளதை வாங்கி நடு வேகத்தில் ஓட்டுவது காதுக்கும் நல்லது.

ஃபில்டரின் தரம்: ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 1822-இன்படி எச்13 என்றால் பிடிக்கக் கடினமான அளவுத் துகளிலும் 99.95 சதவீதம் பிடிக்க வேண்டும், எச்14-க்கு 99.995. அமெரிக்க வரையறை 0.3 மைக்ரானில் 99.97. ஏன் 0.3? அதைவிடப் பெரியவை நேராகப் போய் இழையில் மோதும், அல்லது உரசி மாட்டும். அதைவிடச் சிறியவை காற்று மூலக்கூறுகள் இடிப்பதால் தாறுமாறாக அலைந்து இழையில் ஒட்டும். நடுவில் இருப்பதற்கு இரண்டு வழியும் பலவீனம். எனவே "0.1 மைக்ரானையும் பிடிக்கும்" என்று தனியாகப் பெருமை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, 0.3-ஐப் பிடிப்பது அதையும் பிடிக்கும். "ஹெபா வகை", "ஹெபா போன்றது" என்ற சொற்களுக்கு எந்தத் தரநிலையும் பொறுப்பில்லை. இருந்தாலும், எச்13-க்கும் எச்14-க்கும் வீட்டில் வித்தியாசம் தெரியாது. அறைக்காற்று திரும்பத் திரும்பச் சுற்றுவதால் சதவீதத்தின் கடைசிப் புள்ளியைவிடக் காற்றின் அளவுதான் கணக்கு.

பொருத்தும்போது செய்கிற தவறுகள்:

- புது ஃபில்டரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலேயே ஓட்டுவது. நம்பமாட்டீர்கள், அடிக்கடி நடக்கிறது. காற்று பலமாக வருவதுபோல் சத்தம் மட்டும் இருக்கும்.
- சுவரை ஒட்டி, சோபாவுக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அடியில் வைப்பது. உள்ளிழுக்கும் பக்கத்துக்குக் குறைந்தது 30 செ.மீ. இடம் விடுங்கள்.
- ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு ஓட்டுவது. உள்ளே வரும் காற்று கருவி சுத்தம் செய்வதைவிட அதிகம்.
- முன்வடிகட்டி வலையை மறந்துவிடுவது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாக்குவம் பிரஷால் இழுத்தால் உள்ளே இருக்கும் விலையுயர்ந்த ஃபில்டர் கூடுதல் நாள் வரும்.

பழைய ஃபில்டர் தூசை விட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இயந்திரத்தனமாக மட்டும் வடிகட்டும் கண்ணாடி இழை ஃபில்டர், தூசு சேரச் சேர இன்னும் நன்றாகவே பிடிக்கும், குறைவது காற்றோட்டம். ஆனால் மின்னூட்டம் ஏற்றிய செயற்கை இழை ஃபில்டரில் கதை வேறு. புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டால் மின்னூட்டம் மங்கி, பிடிக்கும் திறனே குறையும். சமையலறைக்கு அடுத்த அறையிலோ புகைப்பவர் உள்ள வீட்டிலோ இருந்தால் அட்டையில் போட்ட காலக்கெடுவுக்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும். கார்பன் அடுக்கு வாடைக்கு. தூசுக்கு அதனால் பயனில்லை.

முகப்பில் ஒளிரும் பி.எம். 2.5 எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே இருப்பது சின்ன லேசர் உணரி. துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்துக் கணிக்கிறது. 5, 10 மைக்ரான் துகள்களை அது சரியாக எண்ணுவதில்லை. ஈரப்பதம் மிகுந்த நாளில் நீர் ஏறிப் பெருத்த துகளைக் கண்டு எண்ணை ஏற்றிக் காட்டும். ஆகவே தானியங்கி முறையில் விட்டால், நீங்கள் படுக்கையை உதறிக்கொண்டிருக்கும்போது கருவி பச்சை விளக்கோடு தூங்கிக்கொண்டிருக்கும். பெருக்கவோ உதறவோ போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே கையால் உச்ச வேகத்தில் வைத்து, முடிந்தபின் அரைமணி நேரம் அப்படியே விடுங்கள். மணிக்கு ஐந்து முறை காற்று மாறும் கணக்கில், மிதக்கும் நுண்தூசில் பத்தில் ஒன்பது பங்கு அதற்குள் போய்விடும்.

அயனிக் கருவி: வேண்டாம்

ஃபில்டர் இல்லை, மாற்றும் செலவு இல்லை, சத்தம் இல்லை என்று விற்கிறார்கள். துகளுக்கு மின்னூட்டம் கொடுத்துவிட்டு அது எங்கே ஒட்டுகிறது என்பதைப் பற்றிக் கவலைப்படாத கருவி இது. சுவரில், திரையில், உங்கள் மேசையில் ஒட்டும்; கருவிக்குப் பக்கத்துச் சுவரில் சில மாதத்தில் கருமை படரும். கூடவே மூச்சுப்பாதையை எரிச்சலூட்டும் ஓசோன் வாயுவும் வரும். கலிபோர்னியா மாநிலம் காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகளுக்கு 0.050 பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) என்று ஓசோன் வரம்பு விதித்திருப்பது சும்மா இல்லை. ப்யூரிஃபையரில் அயனிப் பொத்தான் இருந்தால் அணைத்துவைத்துவிடுங்கள். ஹெபா வேலைக்கு அது தேவையே இல்லை.

மெத்தை உறை: தூசுப்பூச்சிக்காரர்களுக்கு மட்டும்

தூசுப்பூச்சி என்பது மெத்தையிலும் தலையணையிலும் வாழும், 0.2 முதல் 0.3 மி.மீ. நீளமுள்ள உயிர். கடிப்பதில்லை. ஒவ்வாமை தருவது முக்கியமாக அதன் எச்சம். 10 முதல் 40 மைக்ரான் உருண்டைகள். அவை காற்றில் நீடிப்பதில்லை என்பதால் ப்யூரிஃபையரால் பெரிய பயன் கிடையாது. தலையணையில் முகம் புதைக்கும்போதுதான் மூக்குக்குள் போகின்றன. அதனால் மெத்தையை ஆறு பக்கமும் மூடி ஜிப் போடும் உறை வேண்டும், துணியின் துளை 10 மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே மட்டும் விரிக்கும் எலாஸ்டிக் உறைக்கு இந்த வேலை தெரியாது. ஜிப் முடியும் மூலையில் அரை அங்குல இடைவெளி இருக்கும். அதன்மேல் துணி டேப் ஒட்டுங்கள்.

உறையோடு நிறுத்தினால் போதாது. 2003-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், உறை மட்டும் போட்டதால் ஆஸ்துமா உள்ள பெரியவர்களுக்குப் பலன் தெரியவில்லை. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். குளிர்ந்த நீர் எச்சத்தை அலசும், பூச்சியைக் கொல்லாது. வெந்நீர் ஆகாத பொம்மைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு முழுநாளுக்கு மேல் வைத்து, பிறகு அலசலாம். அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைப்பது எல்லாவற்றிலும் வலுவான ஆயுதம். இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே வாழ்கிறது. எழுந்தவுடன் படுக்கையை மடித்து மூடிவிடாமல் ஒரு மணி நேரம் திறந்துபோடுவதும் அதனால்தான்.

கம்ப்யூட்டருக்குள் ஊதும் டப்பா

கம்ப்யூட்டரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளின் அடைபட்ட இடுக்குகளுக்கு, அழுத்திய வாயுவைப் பீச்சும் இந்த டப்பா ஒன்றுதான் வழி, அங்கே துணி போகாது. வெளியே கொண்டுபோய் ஊதவும். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் போகும். டப்பாவைச் சாய்த்தால் உறைகுளிர்த் திரவம் பீச்சும். பல டப்பாக்களில் இருக்கும் வாயு தீப்பிடிக்கும் என்பதால் கருவியை அணைத்து, சூடு ஆறியபின் தொடவும்.

வீட்டு வாக்குவம் தொடக் கூடாத தூசு

பிரிண்டர் டோனர் (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) மிக நுண்ணியது, சாதாரணப் பை வழியாகப் போய்விடும். குளிர்ந்த ஈரத்துணியால் எடுக்கவும், வெந்நீர் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். சூடான சாம்பல் வேண்டாம். அலுமினியம் தேய்த்த தூள் வேண்டாம். எரியக்கூடிய நுண்தூள் காற்றில் கலந்து பொறி பட்டால் வெடிக்கும். 2008-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு சர்க்கரை ஆலையில் சர்க்கரைத் தூசு வெடித்து 14 பேர் இறந்தார்கள். சர்க்கரையே அப்படி என்றால் உலோகத்தூளைச் சொல்ல வேண்டாம்.

கான்கிரீட், டைல், கல் வெட்டும் தூசில் படிகச் சிலிக்கா இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்திருக்கிறது. நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ் வந்தால் திரும்பாது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதியில் எட்டு மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். கண்ணுக்குத் தூசு தெரியாத அறையிலும் அதைத் தாண்டலாம். இதற்கு, தீங்கான தூசுக்கென்று தரம் பிரித்து விற்கும் வாக்குவங்களில் எம் வகுப்பு வாங்கவும்; அதன் வழியே கசிவது அதிகபட்சம் 0.1 சதவீதம். எல் வகுப்பில் 1 சதவீதம் வரை விடும். வெட்டும் இடத்தில் தண்ணீர் விட்டு வெட்டினால் தூசு எழுவதே பெருமளவு குறையும்.

முகக்கவசம் என்95 அல்லது அதற்கு நிகரான ஐரோப்பிய ரகமான எஃப்.எஃப்.பி.2. துணிக்கவசம் இங்கே உதவாது. மூக்குக் கம்பியை இரு கை விரல்களால் அழுத்தி வளைத்து, இரு கையால் கவசத்தை மூடி வேகமாக மூச்சு விடுங்கள். கண் பக்கம் காற்று வந்தால் கம்பியைத் திரும்ப அழுத்துங்கள், கன்னத்தில் வந்தால் பட்டையை இறுக்குங்கள். தாடி இருந்தால் எந்த என்95-உம் முகத்தில் உட்காராது. வேலை முடிந்ததும் உடையைத் தட்டி உதறாமலும், கம்ப்ரஸர் காற்றால் உடம்பை ஊதிக்கொள்ளாமலும், முதலில் எம் வகுப்பு வாக்குவத்தால் உடையை இழுத்துவிட்டு, கவசத்தைக் கடைசியாகக் கழற்றுங்கள்.